துணி காய்வதற்குள்

"என் கை போகமாட்டேங்குதும்மா" என்றார் சிவக்கொழுந்து.

மரகதவல்லி கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஓடத்தின்மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"எந்தக் கை?"

"வலது கை."

"இடது கை போகுதா?"

"அதுவும் போகலை."

"அப்போ கையில கோளாறு இல்லை" என்றார் மரகதவல்லி.

ஏரி முழுக்க வெள்ளையாகப் பனி. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

நெடுவாவி ஊரில் புதிதாக நடுவராகிறவர் முதல் ஒரு வருடம் பழைய நடுவரிடம் பாடம் கேட்க வேண்டும். அது வழக்கம். பழைய நடுவர் அந்த வருடம் முழுக்க ஏரி நடுவில் இருக்கும் திட்டில் குடியிருப்பார்.

சிவக்கொழுந்துக்கு அறுபத்தொரு வயது. முப்பது வருடம் பள்ளிக்கூட வாத்தியார். குருவான மரகதவல்லிக்கு நாற்பத்து மூன்று. அந்த வயதில் சீடனாவது கொஞ்சம் கூச்சமான காரியம்தான். முதல் வாரம் செருப்பை எங்கே விடுவது என்றே தெரியாமல் நின்றார் மனிதர். அப்புறம் பழகிவிட்டது.

இன்று அவர் திட்டுக்கு வந்த ஓடத்தில் இன்னொருவரும் வந்திருந்தார். கோரைத் தெருவில் பாய் முடையும் தைலம்மை. மடியில் ஒரு வெள்ளைத் துணி.

அந்தத் துணிதான் சங்கடம்.

ஊர் அவை ஒரு சட்டம் போட்டால் அதைத் துணியில் மையால் எழுதி அவை வாசலில் கட்டும். இந்தச் சட்டம் எனக்கு அநியாயம் என்று நினைக்கிற யாரும் அந்தத் துணியை அவிழ்த்து நடுவரிடம் கொண்டுபோகலாம். யாரும் கொண்டுவராத துணியை நடுவர் தொடக் கூடாது. கொண்டுவந்துவிட்டால் ஏரியில் இறங்கிக் கல்லைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

கல் தண்ணீருக்குள் இருக்கிறது. எப்போதோ ஏரி வறண்டு, ஒரு குடம் நீருக்காக நாலு கரைக்காரர்களும் வெட்டிக்கொண்டு செத்தார்களாம். மிஞ்சியவர்கள் ஏரியின் அடிப்பாறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். பிறகு அந்தப் பாறையிலேயே பதினோரு வரி செதுக்கினார்கள். இனி நாம் யாராக இருந்தாலும் இதை மட்டும் மீற மாட்டோம் என்று. மறுவாரம் மழை பெய்து கல் மூழ்கிவிட்டது. அதன்பின் அதைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. நடுவர்கள் விரலால் படித்துவருகிறார்கள்.

துணியும் கல்லும் ஒத்துப்போனால் துணியைத் திருப்பித் தர வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் ஏரித் தண்ணீரில் நனைக்க வேண்டும். மை கரைந்துவிடும்.

நடுவரின் வேலை அவ்வளவுதான். சேவகர் கிடையாது, கோல் கிடையாது.

"படிங்க" என்றார் மரகதவல்லி.

சிவக்கொழுந்து துணியை விரித்துப் படித்தார்.

"கோரைத் தெருவின் நாற்பது கூரைகளும் பௌர்ணமிக்குள் பிரிக்கப்படும். அந்த இடத்தில் கரை கட்டப்படும்."

"எதுக்குக் கரை?"

"போன வருஷ வெள்ளத்துல ரெண்டு பேர் போயிட்டாங்க. கரை இருந்தா ஊர் பிழைக்கும். அவையில அறுபது பேரு. அறுபது கையும் தூக்கியிருக்கு. ஒரு கை கீழ இல்லை." துணியை மெல்ல மடித்தார். "நான் அவையில இருந்திருந்தா நானும் தூக்கியிருப்பேன்மா. நல்ல சட்டம்தான்."

ஓடத்திலிருந்து தைலம்மை பேசினார்.

"எங்களை யாரும் ஒரு வார்த்தை கேக்கலைங்க. கேட்டிருந்தா சொல்லியிருப்போம்."

"என்ன சொல்லியிருப்பீங்க?" என்றார் சிவக்கொழுந்து.

மரகதவல்லி கை காட்டி நிறுத்தினார்.

"அதைக் கேக்க வேண்டியவங்க நாம இல்லை. நீங்க இறங்குங்க."

*

சிவக்கொழுந்து சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு நீரில் இறங்கினார். இடுப்பளவு, மார்பளவு. மூச்சைப் பிடித்துக் குனிந்தார்.

உள்ளே சத்தமே இல்லை. பச்சை நிறத்தில் ஒரு வெளிச்சம் மட்டும் இருந்தது. பாசி விரலில் வழுக்கியது. பாசிக்குக் கீழே எழுத்து தட்டுப்பட்டது. சிறு மீன்கள் மணிக்கட்டை முகர்ந்து பார்த்துவிட்டுப் போயின. முதல் வரி, இரண்டாம் வரி என்று விரல் நகர்ந்தது. இதைச் செதுக்கியவனின் மூச்சு இன்னும் உள்ளே இருப்பதுபோல அவருக்குத் தோன்றியது. ஆறாம் வரியில் மேலே வந்து மூச்சு வாங்கினார். மறுபடி குனிந்தார்.

ஏழாம் வரியில் விரல் நின்றது.

மேலே வந்தபோது தாடையிலிருந்து நீர் சொட்டியது.

"யார் கூரையையும் அவர்களைக் கேட்காமல் பிரிக்காதே" என்றார்.

"தெளிவா இருக்கா?"

"தெளிவா இருக்கு."

"நல்ல சட்டமா இருந்தா பிரிக்கலாம்னு போட்டிருக்கா?"

"இல்லை."

"அறுபது கை தூக்கினா பிரிக்கலாம்னு?"

"இல்லைம்மா."

மரகதவல்லி மறுபடி ஓடத்தின்மேல் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தார்.

சிவக்கொழுந்து நீரிலேயே நின்றார். அறுபத்தொரு வருடம் ஊரோடு ஒத்து வாழ்ந்த மனிதர் அவர். கல்யாண வீட்டில் உப்பு கம்மி என்றுகூடச் சொன்னதில்லை.

சட்டென்று அவர் முகம் மலர்ந்தது.

"அம்மா, ஒரு வழி இருக்கு!"

கரையேறி, சட்டைப் பையிலிருந்து எழுதுகோலை எடுத்தார். துணியை முழங்காலில் விரித்தார்.

"இங்க பாருங்க. 'நாற்பது கூரைகளும்'னு இருக்கு. அதுக்கு முன்னாடி 'அவர்களைக் கேட்டபின்'னு ரெண்டே வார்த்தை. சேர்த்துட்டா கல்லுக்கும் பொருந்தும், அவைக்கும் மனசு நோகாது. சட்டமும் அழியாது."

முப்பது வருடம் பிள்ளைகளின் கட்டுரையில் பிழை திருத்திய கை. அது இப்போது தயங்காமல் போனது.

மரகதவல்லி அருகே வந்து அந்தக் கையிலிருந்து எழுதுகோலை உருவினார். ஏரியில் வீசினார். பனிக்குள் 'க்ளக்' என்று ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

"அது எங்கப்பா கொடுத்தது!" என்றார் சிவக்கொழுந்து.

"நல்ல எழுதுகோல்."

"ரெண்டே வார்த்தைம்மா!"

"இன்னைக்கு ரெண்டு வார்த்தை. அடுத்த துணியில ஒரு வரி. அதுக்கடுத்ததுல அறுபது பேரும் வீட்டுக்குப் போயிடலாம், நீங்களே எழுதிக்கலாம்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "நீங்க அவங்க வாக்கியத்தைத் திருத்திட்டா அவங்களுக்குத் தப்பு தெரியவே தெரியாது, ஐயா. உங்க பிள்ளைங்க கட்டுரையெல்லாம் கடைசியில யார் எழுதினது?"

பல பிள்ளைகளுக்காகச் சிவக்கொழுந்தேதான் எழுதியிருந்தார்.

"உங்களுக்குக் கை போகாம இருந்ததே இல்லையா?" என்று கேட்டார்.

மரகதவல்லி மேற்குக் கரையைக் காட்டினார். பனி அங்கே மட்டும் கொஞ்சம் விலகியிருந்தது. வெறும் மணல்.

"அங்க முன்னாடி சுண்ணாம்பு சுடறவங்க பதினாலு குடும்பம் இருந்தாங்க. புகை ஆகலை, அவங்க வீட்டைப் பிரிக்கணும்னு அவை துணி கட்டுச்சு. ஒரு பொண்ணு இதே மாதிரி மடியில வச்சுக்கிட்டு வந்துச்சு. நான் இறங்கிப் படிச்சேன். இதே ஏழாம் வரி." ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். "ஊரே எதிர்த்தா என்ன பண்றதுன்னு பயந்துட்டேன். சரியா இருக்குன்னு சொல்லித் துணியைத் திருப்பிக் கொடுத்துட்டேன்."

"அவங்க இப்போ எங்க?"

"தெரியலை. அந்தப் பொண்ணு பேரு கேட்டு வச்சுக்கலை. அதுதான் ரொம்ப உறுத்துது."

ஒரு நாரை மேற்கு மணலில் இறங்கி நின்றது. அங்கே ஒன்றும் கிடைக்காமல் எழுந்து போயிற்று.

சிவக்கொழுந்து துணியை எடுத்துக்கொண்டு மறுபடி நீரில் இறங்கினார். இந்த முறை நிற்கவில்லை. துணியை முழுக்க முக்கினார். மை கறுப்புப் புகையாகக் கிளம்பி, அவர் விரல்களைச் சுற்றி, மெதுவாகக் காணாமல் போயிற்று. தைலம்மை ஓடத்தில் எழுந்து நின்று பார்த்தார்.

"அவ்வளவுதாங்களா?" என்று கேட்டார்.

"அவ்வளவுதான்."

"எங்க கூரை தப்பிச்சிருச்சா?"

சிவக்கொழுந்து குருவைப் பார்த்தார். மரகதவல்லி மறைக்காமல் சொன்னார்.

"துணி காயற வரைக்கும்தான்மா. ஈரத் துணியில மை பரவும், யாரும் எழுத முடியாது. ஒரு காரியத்துக்கு ஒரே துணி. அதைத் திரும்ப அவை வாசல்ல கட்டணும். நெருப்புல காட்டக் கூடாது, தானாக் காயணும். காஞ்சப்புறம் அவங்க புதுசா யோசிச்சு எழுதலாம். இல்லை பழையதையே எழுதலாம். நடுவர் ஒரு துணியை ஒரு தடவைதான் நனைக்கலாம்."

"பங்குனி வெயில்லயா?" என்றார் தைலம்மை. "மதியத்துக்குள்ள காஞ்சிரும்!"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "நான் போய்க் கூரையை நானே அவுத்து வச்சுக்கறேன். அவங்க பிரிச்சா ஓலையெல்லாம் கிழிச்சுப்புடுவாங்க."

சிவக்கொழுந்து குருவின் பக்கம் திரும்பினார்.

"அவங்க பழையபடியே எழுதினா, ரெண்டாவது தடவை நான் ஒண்ணும் பண்ண முடியாதா?"

"முடியாது."

"அதுக்கு மேல நம்ம வேலை இல்லையா?"

"இல்லை."

"பின்ன அது யார் வேலைம்மா?"

மரகதவல்லிக்குக் காது கேட்கவில்லை போலும். குனிந்து ஒரு கை நீரை அள்ளி, காய்ந்துகொண்டிருந்த ஓடத்துப் பலகையின்மேல் தெளித்தார். வெயிலில் விட்டால் பலகை வெடித்துவிடும். இன்னொரு கை அள்ளினார்.

சிவக்கொழுந்து ஈரத் துணியோடு ஓடத்தில் ஏறினார்.

*

சொட்டச் சொட்ட ஈரத் துணியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவர் கடைத்தெரு வழியே நடந்தார். பேச்சு நின்றது. அவர் போன பின்னால் மறுபடி ஆரம்பித்தது.

அவை வாசலில் தலைவர் பொன்னுரங்கம் நின்றுகொண்டிருந்தார். சிவக்கொழுந்திடம் ஆறாம் வகுப்பு படித்தவர்.

"என்ன வாத்தியாரே, இங்கயும் தப்பு கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"ஏழாம் வரி" என்றார் சிவக்கொழுந்து.

"செத்தது ரெண்டு பேரு. அதுல ஒண்ணு எங்க சித்தி மகன். அது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்பா. நான்தான் அவனுக்கும் பாடம் சொன்னேன்."

"அப்புறம்?"

சிவக்கொழுந்து துணியைக் கொடியில் கட்டினார். ஈரத்தில் முடிச்சு இரண்டு முறை அவிழ்ந்தது. மூன்றாம் முறை பொன்னுரங்கமே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார்.

"நாங்க அறுபது பேரு. நீங்க ஒருத்தர்."

"ஆமா."

"காஞ்சதும் அதையேதான் எழுதப்போறோம்."

"எழுதலாம்."

"தடுக்க உங்ககிட்ட என்ன இருக்கு?"

சிவக்கொழுந்து யோசித்துப் பார்த்தார். எழுதுகோல்கூட இல்லை.

"ஒண்ணுமில்லை" என்றார்.

எதிரே புங்கமரம். அதன் நிழலில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு பானைத் தண்ணீர், வழிப்போக்கர்களுக்காக யாரோ வைத்தது.

வெயில் ஏறியது. துணியின் சொட்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் ஓரங்கள் வெளுத்தன. காற்றில் லேசாக ஆட ஆரம்பித்தது.

சிவக்கொழுந்தால் உட்கார முடியவில்லை. ஒரு செம்புத் தண்ணீர் மொண்டுகொண்டு எழுந்தார். தெருவின் பாதிவரை போனார். நடுவர் ஒரு துணியை ஒரு தடவைதான் நனைக்கலாம். நடுத்தெருவில் நின்றார். திரும்பி வந்து அந்தத் தண்ணீரைத் தானே குடித்தார்.

எதிரே துணி வெள்ளையாக, இன்னும் வெள்ளையாக ஆகிக்கொண்டே வந்தது. தெரு முழுக்க அந்த வெள்ளைதான். கண் கூசியது. இமை தாழ்ந்தது. ஏரிக்கு அடியில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது அவருக்கு. மேலே யார் யாரோ ஓடத்தில் போகிறார்கள், துடுப்புகளிலிருந்து நீர் சொட்டுகிறது, சொட்டிக்கொண்டே இருக்கிறது.

திடுக்கிட்டு விழித்தபோது உச்சிப்பொழுது தாண்டியிருந்தது.

போச்சு, என்று எழுந்தார்.

துணி சொட்டிக்கொண்டிருந்தது.

அண்ணாந்து பார்த்தார். வானத்தில் பேருக்கு ஒரு மேகம் இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மரத்தோடு ஒட்டி நின்று பார்த்தார்.

ஒரு பூக்காரம்மா வந்தார். கூடைப் பூவுக்குத் தெளிக்கிற தண்ணீரில் கை விட்டு, நடந்தபடியே துணிமேல் ஒரு உதறு உதறிவிட்டுப் போனார். நின்றுகூடப் பார்க்கவில்லை.

பிறகு சவரம் செய்கிறவர். கிண்ணத்தில் மிச்சமிருந்ததைத் தெருவில் கொட்டப் போனவர், கொஞ்சம் தள்ளி வந்து துணியில் கொட்டினார்.

அவைக்குள்ளிருந்து ஓர் உறுப்பினர் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தார். கை தூக்கியதில் முதல் ஆள் அவர் என்று ஊருக்கே தெரியும். செம்பை எடுத்துக் கை கழுவினார். தேவைக்கு மேலேயே கழுவினார். துணிப் பக்கமாகத் திரும்பிக் கையை உதறினார், மூன்று தடவை. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு உள்ளே போனார்.

பொன்னுரங்கம் மைக்கூட்டோடு வந்தார். துணியைத் தொட்டார். உள்ளே போனார்.

நிழல் சாய்ந்தபின் மறுபடி மைக்கூட்டோடு வந்தார். தொட்டார். விரலை மோந்து பார்த்தார். தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். தெருவில் எல்லோருக்கும் ஏதோ வேலை இருந்தது. உள்ளே போனார்.

மூன்றாம் முறை வந்தபோது கையில் மைக்கூடு இல்லை. ஒரு பித்தளைச் செம்பு இருந்தது.

துணியின் எதிரே வெகுநேரம் நின்றார். மேல்விளிம்பு கொஞ்சம் காய்ந்திருந்தது. செம்பைச் சாய்த்து அந்த விளிம்பு நெடுக, ஒரு இடமும் விடாமல் ஊற்றினார்.

திரும்பினால் புங்கமரத்தடியில் வாத்தியார்.

பொன்னுரங்கத்துக்கு ஆறாம் வகுப்பு முகம் வந்துவிட்டது.

"வெயில் ஜாஸ்தி வாத்தியாரே" என்றார். "துணி பாழாயிடும்."

"ஆமாப்பா."

"இது இன்னைக்குக் காயற மாதிரி தெரியலை."

"தெரியலை."

"சும்மா உக்காந்திருக்க எனக்குப் பிடிக்காது."

செம்பைப் படியில் வைத்துவிட்டு, பொன்னுரங்கம் கிழக்கே நடந்தார். சிவக்கொழுந்து பத்தடி விட்டுப் பின்னாலேயே போனார்.

கோரைத் தெருவில் தைலம்மை தன் கூரைமேல் உட்கார்ந்து முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். பாதிக் கூரை திறந்து கிடந்தது.

பொன்னுரங்கம் கீழே நின்றார். இருமினார்.

"கொஞ்சம் கீழ இறங்கறீங்களாம்மா. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

தைலம்மை கையிலிருந்த கயிற்றை விடாமல் அவரைப் பார்த்தார். தூரத்தில் நிற்கிற வாத்தியாரைப் பார்த்தார். அப்புறம் ஏரியைப் பார்த்தார்.

"நீங்க மேல வாங்க தம்பி" என்றார். "வெள்ளத்தன்னிக்கு ராத்திரி பூரா நாங்க இங்கதான் உக்காந்திருந்தோம். தண்ணி எந்தப் பக்கமா உள்ள வந்துச்சுன்னு இங்கேருந்து பாத்தாத்தான் தெரியும்."

பொன்னுரங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்தார்.